பாதி ஸ்பிரிங், பாதி கை

1908-ஆம் ஆண்டு பிரிட்டன் அரசு, வேலையால் வரும் நோய்களுக்கு நஷ்டஈடு தரும் சட்டத்தின் பட்டியலில் ஒரு புதிய நோயைச் சேர்த்தது. தந்தி அலுவலகத்தில் நாள் முழுக்க மோர்ஸ் கீயைத் தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு வந்த கைப்பிடிப்பு அது. முதலில் மணிக்கட்டு வலிக்கும். அப்புறம் விரல்கள் இறுகும். முற்றிப்போனால் நினைத்ததைக் கை செய்யாது. மூன்று புள்ளி அடிக்க நினைத்தால் இரண்டு விழும், அல்லது நான்கு விழும். அமெரிக்கத் தந்தியாளர்கள் இதைக் ‘கண்ணாடிக் கை’ என்றார்கள். கையை நம்பிப் பிழைத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய இடி வேண்டியதில்லை.

சாதாரண மோர்ஸ் கீ ஒரு சிறிய நெம்புகோல். குமிழை அழுத்தினால் மின்சுற்று மூடும், விட்டால் திறக்கும். சட்டென்று அழுத்தி எடுத்தால் புள்ளி. அதைப்போல மூன்று மடங்கு நேரம் அழுத்தினால் கோடு. மோர்ஸ் வேகத்தை அளக்க ‘பாரிஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். பி, ஏ, ஆர், ஐ, எஸ் என்ற ஐந்து எழுத்துக்கும் சேர்த்து 10 புள்ளி, 4 கோடு. நிமிடத்துக்கு 25 சொல் என்ற வேகத்தில் அனுப்பினால், கை நிமிடத்துக்கு 350 தடவை இறங்கி ஏற வேண்டும். அந்த வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 48 மில்லி நொடி. புள்ளிகள் தொடர்ந்து வரும் இடங்களில் மணிக்கட்டு நொடிக்குப் பத்து முறை துடிக்கிறது. எட்டு மணி நேர வேலையில் இது என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

இந்தத் துடிப்பைக் கையிடமிருந்து வாங்கிக்கொள்ளும் கருவியை அமெரிக்காவின் ஹொரேஸ் மார்ட்டின் உருவாக்கினார். அவரும் ஒரு தந்தியாளர். முதலில் பேட்டரியும் மின்காந்தமும் வைத்து ‘ஆட்டோபிளெக்ஸ்’ என்று ஒன்றைச் செய்தார். பிறகு பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெறும் எஃகு ஸ்பிரிங்கை வைத்தே அந்த வேலையைச் செய்யவைத்தார். அதற்கு 1904 ஆகஸ்ட் 9 அன்று காப்புரிமை கிடைத்தது. ‘வைப்ரோபிளெக்ஸ்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்த அந்தக் கீயின் அடையாளச் சின்னம் ஒரு வண்டு. தந்தியாளர்கள் அந்தக் கீயைப் ‘பக்’ என்று அழைத்தார்கள். இன்றைக்கும், பொழுதுபோக்காக ரேடியோவில் தொடர்புகொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்கள் வாயில் அதே பெயர்தான். நூற்றிருபது ஆண்டுகளாகப் பெரிய மாற்றமில்லாமல் தயாரிப்பில் இருக்கும் கருவிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வைப்ரோபிளெக்ஸ் அவற்றில் ஒன்று.

பக் கீ மேலும் கீழும் ஆடாது, பக்கவாட்டில் ஆடும். வலது கைக்காரர் என்றால் கட்டைவிரல் நெம்புகோலை வலப்பக்கம் தள்ளும். ஆள்காட்டி விரல் இடப்பக்கம் தள்ளும். இடப்பக்கம் தள்ளினால் வெறும் தொடர்பு, அவ்வளவுதான். எவ்வளவு நேரம் பிடிக்கிறோமோ அவ்வளவு நீளம் கோடு. ஒவ்வொரு கோட்டையும் கைதான் தனித்தனியாகப் போட வேண்டும். வலப்பக்கம் தள்ளும்போதுதான் விஷயம் இருக்கிறது. நெம்புகோலின் பின்முனையில் ஒரு தட்டையான ஸ்பிரிங், அதன் நுனியில் ஒரு நீளமான கம்பி, கம்பியின் மேல் நகர்த்தக்கூடிய ஓர் எடை. கட்டைவிரல் தள்ளியதும் நெம்புகோல் ஒரு திருகில் மோதி நின்றுவிடும். பின்னால் உள்ள கம்பி நிற்காது. மேசை விளிம்பில் அமுக்கிப் பிடித்த இரும்பு ஸ்கேலின் நுனியைச் சுண்டிவிட்டால் எப்படி அதிருமோ, அப்படி அதிரும். கம்பியின் பக்கத்தில் ‘யு’ வடிவத்தில் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று, அதில் ஒரு வெள்ளித் தொடர்புப் புள்ளி. ஒவ்வோர் அதிர்வுக்கும் அது எதிரே உள்ள திருகைத் தொட்டு விலகும். ஒவ்வொரு தொடுகையும் ஒரு புள்ளி. கட்டைவிரலை எடுத்தால் கம்பி திரும்பி வந்து ஒரு சிறிய சக்கரத்தில் சாய்ந்து அடங்கிவிடும்.

எடையைப் பின்னால் தள்ளினால் அதிர்வு மெதுவாகும், முன்னால் இழுத்தால் வேகமாகும். வேகத்துக்கான கட்டுப்பாடு இதைத் தவிர வேறில்லை. நொடிக்குப் பத்து அதிர்வு என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 சொல்.

இங்கே ஒரு கேள்வி எழும். கம்பியின் ஆட்டம் நொடிக்கு நொடி குறைந்துகொண்டே போகுமே, அப்படியானால் புள்ளிகளும் மாறிக்கொண்டே போகாதா? வேகம் மாறாது. ஸ்பிரிங்கில் ஆடும் பொருள் பெரிய வீச்சில் ஆடினாலும் சிறிய வீச்சில் ஆடினாலும் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். புள்ளியின் நீளம் மாறுமா என்பது திருகை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கம்பி அசையாமல் நிற்கும்போது தொடர்பு தொட்டும் தொடாமலும் இருக்கும்படி திருகை வைத்துவிட்டால், ஒவ்வோர் ஆட்டத்திலும் சரிபாதி நேரம் சுற்று மூடியிருக்கும், சரிபாதி நேரம் திறந்திருக்கும். வீச்சு குறைந்தாலும் அந்தப் பாதிக் கணக்கு குலையாது. மோர்ஸுக்குத் தேவையானதும் அதுதான்: புள்ளியும் புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் ஒரே நீளம். திருகை ஒரு மயிரிழை உள்ளே தள்ளிவிட்டால், ஆட்டம் குறையக் குறையப் புள்ளிகள் தடித்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே கோடாக ஒட்டிக்கொள்ளும். வெளியே எடுத்துவிட்டால் மெலிந்துகொண்டே போய்க் காணாமல் போகும். அதனால்தான் பக் கீயைச் சரிசெய்யும் பழைய தந்தியாளர்கள் நெம்புகோலை வலப்பக்கம் பிடித்துக்கொண்டு, ஒரு விரலால் கம்பியை அடக்கி, திருகு ‘இப்போதுதான் தொட்டது’ என்ற இடத்தைத் தேடுவார்கள். சமன்பாடு எதுவும் படிக்காமலே அவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்த முறை அது. இந்தக் கருவியில் எனக்கு மிகப் பிடித்த இடமும் இதுவே.

புள்ளிக்குச் செய்ததைக் கோட்டுக்கு ஏன் செய்யவில்லை? இரண்டையும் தானாகப் போடும் கீக்களைச் சிலர் செய்துபார்த்தார்கள். அதற்கு இன்னொரு அதிர்வுக் கம்பி வேண்டும், இன்னொரு கூட்டம் திருகுகள் வேண்டும். ஆனால் சிக்கலைவிட முக்கியமான காரணம் அன்றைய அமெரிக்காவின் மோர்ஸிலேயே இருந்தது. அமெரிக்க நிலத்தந்தியில் ஓடிய மோர்ஸ், இன்று நாம் அறிந்த சர்வதேச மோர்ஸ் அல்ல. அதில் ‘பி’ என்ற எழுத்துக்கு ஐந்து புள்ளிகள். ‘ஆர்’ என்றால் ஒரு புள்ளி, சிறு இடைவெளி, பிறகு இரண்டு புள்ளி. ‘ஓ’ என்பதற்குக் கோடே கிடையாது, இடைவெளி விட்டு இரண்டு புள்ளி. எங்கு பார்த்தாலும் புள்ளிகள்.

மறுபடி ‘பாரிஸ்’ என்ற சொல்லையே எடுத்துக் கணக்குப் பார்ப்போம். அமெரிக்க மோர்ஸில் அதைச் சாதாரணக் கீயில் அடிக்க 15 அழுத்தம் தேவை. பக் கீயில் 7 அசைவு போதும், பாதிக்கும் கீழே. சர்வதேச மோர்ஸில் அதே சொல்லுக்குச் சாதாரணக் கீயில் 14, பக் கீயில் 11. லாபம் மிகவும் சுருங்கிவிடுகிறது. ஆக, பக் கீ பிறந்தது அமெரிக்க நிலத்தந்திக்காக. கண்ணாடிக் கை வந்தவர்களுக்கு அது இரண்டாவது பிழைப்பு கொடுத்தது. மேலும் கீழும் குத்தும் அசைவு போய், விரல்களின் பக்கவாட்டு அசைவு வந்ததே பெரிய ஆறுதல். தந்தியாளர்கள் தங்கள் காசிலேயே பக் வாங்கி, பெட்டியில் வைத்து வேலைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ரேடியோ வந்தபோது சர்வதேச மோர்ஸும் கூடவே வந்தது. கணக்குப்படி லாபம் குறைவு என்றாலும் கப்பல் ரேடியோ அறைகளிலும் ஹாம்களின் மேசைகளிலும் பக் ஏறிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ‘ஜே-36’ என்ற எண்ணில் இதைப் பயன்படுத்தியது; அதைச் செய்து கொடுத்த நிறுவனங்களில் ஒன்று லயனெல், பொம்மை ரயில்களுக்குப் பேர்போன அதே லயனெல்.

போர்க்காலத்தில்தான் இன்னொரு விஷயம் வாழ்வா சாவா என்ற முக்கியத்துவம் பெற்றது. மோர்ஸ் அடிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கைவாகு உண்டு. கோட்டை எவ்வளவு இழுக்கிறார், எழுத்துக்கு நடுவில் எங்கே ஒரு கணம் தயங்குகிறார் என்பதெல்லாம் கையெழுத்துபோல ஆளைக் காட்டிக்கொடுக்கும். பிரிட்டனின் ஒட்டுக்கேட்கும் நிலையங்களில் இருந்தவர்கள், அழைப்புக் குறியை மாற்றினாலும் எதிரியின் தந்தியாளர் யார் என்பதை இந்தக் கைவாகை வைத்தே அடையாளம் கண்டார்கள். எதிரி நாட்டுக்குள் அனுப்பப்படும் ரகசிய ஏஜென்ட்டுகளின் கைவாகை முன்கூட்டியே பதிவுசெய்து வைக்கும் வழக்கமும் இருந்தது.

சாதாரணக் கீயில் புள்ளி, கோடு, இடைவெளி எல்லாமே ஆளுடையது. இன்றைய எலக்ட்ரானிக் கீயரில் புள்ளியும் கோடும் சிப் போடுகிறது. ஆளுக்கு மிஞ்சுவது எழுத்துகளுக்கும் சொற்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி மட்டும். பக் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. புள்ளிகள் இயற்பியலுக்கு, கோடுகள் மனிதருக்கு. சீரான அந்தப் புள்ளிகளின் பக்கத்தில் வருவதால் கோட்டின் நீளத்தில் வரும் சிறு மாற்றம்கூடப் பளிச்சென்று காதில் விழுகிறது. அதனால் பக் கீயில் ஆளின் கைவாகு சாதாரணக் கீயைவிடத் தெளிவாகக் கேட்கும் என்பது என் கருத்து. ‘லேக் ஈரி ஸ்விங்’, ‘பனானா போட் ஸ்விங்’ என்று பாணிகளுக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு ஆபரேட்டர்கள் இதில் ஊறிப்போயிருந்தார்கள். பாணி என்ற பெயரில் கோட்டை ரப்பர்போல இழுத்து, கேட்பவரைத் திணறவைப்பவர்களும் உண்டு. அதை நான் ரசிப்பதில்லை. செய்தி புரிய வேண்டும், அதற்குப் பிறகுதான் அழகு.

2003-ஆம் ஆண்டு ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாடு, குறுகிய அலையில் பேசும் ஹாம்களுக்கு மோர்ஸ் தேர்வு கட்டாயம் என்ற சர்வதேச விதியை நீக்கியது. மோர்ஸ் அதோடு முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் கட்டாயம் போன பிறகு விரும்பி வந்தவர்கள் நிறைய. 2006-ல் தொடங்கிய ‘ஸ்டிரெய்ட் கீ செஞ்சுரி கிளப்’ எலக்ட்ரானிக் கீயருக்கு இடம் தருவதில்லை. சாதாரணக் கீ, பக், இருபுறமும் ஆடும் சைடுஸ்வைப்பர் ஆகிய மூன்று மட்டுமே அங்கே செல்லும். அமெரிக்க ஹாம்களின் சங்கம் ஒவ்வொரு புத்தாண்டு நாளையும் கையால் அடிக்கும் கீக்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. வைப்ரோபிளெக்ஸ் இன்றும் டென்னசியில் தயாராகிறது. இத்தாலியில் பெகாலி நிறுவனம் துல்லியமான பக் கீக்களைச் செய்கிறது.

புதிதாகப் பக் வாங்குபவர்கள் இடறும் இடங்கள் சில. முதலாவது, பெரும்பாலான பக் கீக்கள் வாங்கியபடியே மிகவும் வேகமானவை. எடையைக் கடைசி வரை தள்ளினாலும் தொடக்கக்காரருக்கு வேகம் அடங்காது. புள்ளிகள் பறக்கும், கோடுகள் நடக்கும், காதுக்கு ஒவ்வாது. கம்பியின் நுனியில் கூடுதல் எடையோ நீட்டிப்போ மாட்டினால் சரியாகும். இரண்டாவது, கட்டைவிரலை எடுக்கும் நேரம். கொஞ்சம் தாமதித்தால் ‘எஸ்’ அனுப்ப நினைத்தது ‘எச்’ ஆகிவிடும், ‘எச்’ அனுப்ப நினைத்தது 5 என்ற எண்ணாகிவிடும். இதற்குப் பழக்கம்தான் மருந்து. மூன்றாவது, இன்றைய ரேடியோக்கள். பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர்கள் தொடர்பில் வரும் சின்னச் சின்னத் துள்ளல்களைப் பொருட்படுத்தவில்லை. இன்றைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒவ்வொரு துள்ளலையும் அப்படியே ஒலிபரப்பி, புள்ளிகளைக் கரகரப்பாக்கிவிடும். ‘யு’ ஸ்பிரிங்குக்குள் ஒரு சிறு ஃபோம் துண்டைச் செருகி இதைச் சரிசெய்கிறார்கள். ரேடியோவின் மெனுவில் கீயை ‘ஸ்டிரெய்ட் கீ’ என்று வைக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. இல்லையென்றால் உள்ளே இருக்கும் கீயர் பக் போடும் புள்ளிகளின் மேல் தன் புள்ளிகளையும் போட்டுக் குழப்பும்.

இந்தியாவில் ஒலிபரப்பத் தேர்வு எழுதி ஹாம் உரிமம் வாங்க வேண்டும். காதால் கேட்டுப் பழகுவதற்கு அதெல்லாம் வேண்டாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் தன் ரேடியோ ரிசீவரை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது, கைப்பேசியிலேயே கேட்கலாம். அலைவரிசையை 14.050 மெகாஹெர்ட்ஸில் வைத்து, முறையை மோர்ஸுக்கான ‘சி.டபிள்யூ’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். கையால் அடிப்பவர்கள் கூடும் இடம் அது. புள்ளிகள் ஒன்றுபோல் சீராகவும், கோடுகள் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டும் வந்தால் அது பெரும்பாலும் பக். எழுத்து புரியாவிட்டாலும் பரவாயில்லை. முதலில் கோடுகளை மட்டும் கவனியுங்கள்.