ஆயுள் வேண்டும் நன்னாளில் உடலையும் பேணுவோம்

தேவாரம் 'கடவூர்' என்று போற்றும் திருக்கடையூர், அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. 16 வயதே ஆயுள் என்று விதிக்கப்பட்டிருந்த மார்க்கண்டேயர் சிவலிங்கத்தைத் தழுவிக்கொள்ள, பாசக்கயிறு வீசிய காலனை ஈசன் தம் திருவடியால் உதைத்து அடக்கிய திருத்தலம். அமிர்தகடேசுவரரும் அன்னை அபிராமியும் அருள்புரியும் இத்தலம், ஆயுள் வேண்டிச் செய்யும் சாந்திகளுக்குச் சிறப்பிடமாக விளங்குகிறது.

60ஆவது வயதின் தொடக்கத்தில் உக்ரரத சாந்தி, பிரபவ முதல் அட்சய வரையிலான ஆண்டுச் சுழற்சி நிறைவுற்றுப் பிறந்த ஆண்டே மீண்டும் வரும்போது சஷ்டியப்த பூர்த்தி, 70இல் பீமரத சாந்தி, ஆயிரம் பிறை கண்ட 80 வயதினருக்குச் சதாபிஷேகம் என்று ஆண்டு முழுவதும் இங்கே மணமாலை சூடிய மூத்த தம்பதியரைக் காணலாம்.

இளமையில் மணமேடை ஏறியபோது பட்டினியையும் கண் விழிப்பையும் உடல் தாங்கிற்று. இன்று முழங்கால் வலியும், சர்க்கரை நோயும், இரத்த அழுத்தமும் உடன் வருகின்றன. ஆயினும், "சாஸ்திரத்திற்குக் குறை வந்துவிடக் கூடாதே" என்று அஞ்சிப் பலர் துன்பத்தை வெளியில் சொல்வதில்லை. கேட்டால், "ஒன்றுமில்லை, சற்றுக் களைப்புதான்" என்பார்கள். ஆயுள் வேண்டிச் செய்யும் வைபவத்தில் அந்த ஆயுளைத் தாங்கும் உடலை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. சில முன்னேற்பாடுகள் போதும்.

முதல் நாளும் விரதமும்

வெளியூர்த் தம்பதியர் முதல் நாள் பகலிலேயே திருக்கடையூரையோ மயிலாடுதுறையையோ அடைந்துவிடுதல் நலம். இரவுப் பயணம் செய்து, விடியலில் இறங்கி, நேரே மணமேடையில் அமர்வது முதியோர்க்கு ஏற்றதன்று. மாலையில் ஒரு முறை ஆலயத்தை வலம் வந்து, சடங்கு நடைபெறும் இடம், உடை மாற்றும் அறை, கழிப்பறை ஆகியவற்றைப் பார்த்து வைத்துக்கொண்டால் மறுநாள் பதற்றம் இராது.

உபவாசத்திலிருந்து முதியோருக்கும் பிணியாளருக்கும் நம் பெரியோர் விலக்கு அளித்துள்ளனர். பாலோ, பழமோ, எளிய சிற்றுண்டியோ உட்கொள்ளலாமா என்பதை வைதிகரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளியலாம். சர்க்கரை நோய்க்கான மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு, உணவை மட்டும் தவிர்ப்பது ஆபத்து. அன்றைய அளவையும் நேரத்தையும் ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கைநடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை குறைவதன் அறிகுறிகள். அப்போது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைச் சிறிது நீரில் கரைத்து உடனே அருந்தச் செய்ய வேண்டும். நினைவு தவறியவருக்கு வாயில் எதையும் புகட்டாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கழிப்பறைக்கு எழுந்து செல்ல நேருமே என்று தண்ணீரே அருந்தாமல் இருப்போர் பலர். மடிசார் உடுத்திய பெண்மணிகள் இவ்விஷயத்தில் மிகவும் தயங்குவர். நீர் குறைந்தால் மயக்கமும் சிறுநீர்த் தொற்றும் வரக்கூடும். மருத்துவர் நீரின் அளவைக் கட்டுப்படுத்தியிராவிட்டால், அவ்வப்போது ஓரிரு மிடறு அருந்துவதே நன்று. சடங்குகளுக்கு இடையே சிறிது இடைவேளை தருமாறு வைதிகரிடம் முன்பே சொல்லி வைக்கலாம்.

மணையும் ஹோமமும்

சங்கல்பம் முதல் பூர்ணாஹுதி வரை சம்மணமிட்டு அமர்வது எல்லோருக்கும் இயலாது. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தரையில் அமரலாகாது என்று மருத்துவர் கூறியிருந்தால், அதைத் தயங்காமல் வைதிகரிடம் சொல்லிவிட வேண்டும். உயரம் குறைந்த முக்காலியிலோ நாற்காலியிலோ அமர்ந்து சங்கல்பம் செய்துகொள்ளும் பெரியோரை இன்று எங்கும் காணலாம். நெடுநேரம் அமர்ந்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கால் விரல்களைச் சில முறை அசைத்து, ஒருவர் கையைப் பற்றி, மெல்ல எழ வேண்டும்.

முகூர்த்த நாள்களில் அருகருகே பல தம்பதியருக்கு ஹோமங்கள் நடைபெறுவதால் புகை சூழும். ஆஸ்துமா உள்ளவர்கள் காற்று வீசும் திசையறிந்து, புகை முகத்தில் படாத பக்கம் அமர வேண்டும். உறிஞ்சு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அக்கினியின் அருகே அமர்வதால் உத்தரீயத்தையும் புடவைத் தலைப்பையும் செருகிக்கொள்வது அவசியம்.

கலச நீராட்டு

பிள்ளைகளும் சுற்றத்தாரும் கலச தீர்த்தத்தைச் சல்லடை வழியே பெற்றோரின் சிரசில் வார்ப்பது இவ்வைபவத்தின் உச்சம். மிகுந்த கவனம் வேண்டுவதும் இப்போதுதான். மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, கைக்கடிகாரம் ஆகியவற்றை முன்னதாகவே கழற்றி ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மழைக்காலத்திலும் மார்கழியிலும் குளிர்நீர் தொடர்ந்து தலையில் விழுவது முதியோரை நடுங்கச் செய்யும். சிரசில் சிறிதே புரோட்சித்து, எஞ்சியதைத் தோளிலும் பாதத்திலும் விடலாமா என்று வைதிகரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நனைந்த கருங்கல் தளம் வழுக்கும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடமாட நெடுங்காலம் ஆகும். ஆதலால் நீராட்டு முடிந்ததும் இருபுறமும் இருவர் தாங்கி அழைத்துச் செல்வதைக் கௌரவக் குறைவாகக் கருத வேண்டாம். ஆளுக்கு இரண்டு துவாலைகளும் மாற்றுடைகளும் ஆயத்தமாக இருந்தால், ஈரம் உலர்த்தி விரைவில் மாங்கல்ய தாரணத்திற்கு வந்துவிடலாம்.

ஆசியும் அமுதும்

மாங்கல்ய தாரணம் முடிந்ததும் பாதபூஜையும், ஆசி பெறுவோர் வரிசையும், புகைப்படங்களும் தொடரும். நின்றபடியே அனைவரையும் வாழ்த்த வேண்டும் என்பதில்லை. அமர்ந்து அளிக்கும் ஆசிக்கும் அதே பலன் உண்டு. கனத்த மாலைகளை இடையிடையே கழற்றி வைத்தால் கழுத்து வலி தவிரும்.

விருந்தினர் அனைவரும் உண்ட பின்னரே தாம் உண்பது என்னும் வழக்கம் போற்றத்தக்கதே. எனினும் இன்று விழா நாயகர்கள் அவர்களே! சுவாமி, அம்பாள் தரிசனம் முடிந்ததும் அவர்களை முதல் பந்தியில் அமர்த்துவது பிள்ளைகளின் கடமை.

பிள்ளைகளுக்கு இன்னொரு கடமையும் உண்டு. வரவேற்பு, பந்தி, வாகனம் என எல்லாவற்றுக்கும் ஆள் வகுக்கும் குடும்பத்தினர், பெற்றோரை மட்டுமே கவனிக்க ஒருவரை நியமிக்க மறந்துவிடுகின்றனர். மகனோ, மருமகளோ, பேரனோ யாரேனும் ஒருவர் வேறு எந்த வேலையும் ஏற்காமல் மருந்துப் பையோடும் தண்ணீர்ப் பாத்திரத்தோடும் அருகிலேயே இருக்கட்டும். மார்பு வலியோ மூச்சுத் திணறலோ தோன்றினால், "சடங்கு முடியட்டும்" என்று காத்திராமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும். அத்தகைய வேளையில் சடங்கு காத்திருப்பதில் குற்றமில்லை.

அன்று மார்க்கண்டேயர் தளர்ந்த நேரத்தில் பற்றிக்கொள்ள ஈசனின் திருமேனி அருகில் இருந்தது. மூத்த தம்பதியர் தளரும் நேரத்தில் பற்றிக்கொள்ள ஒரு கை அருகில் இருக்குமாயின், அதுவும் அபிராமி அன்னை அனுப்பிய கையே.