பிளஸ் ஒன் கணக்கில் திணறும் பிள்ளைக்கு என்ன செய்யலாம்?

பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 90-க்கு மேல் வாங்கிய பிள்ளை, பிளஸ் ஒன் முதல் இடைப்பருவத் தேர்வில் பாதி மதிப்பெண்கூட எடுக்காமல் வந்து நிற்பது பல வீடுகளில் நடக்கிறது. "பத்தாவதுல நல்லாத்தானே போட்டே, இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, உடனே இன்னொரு டியூஷனில் சேர்த்துவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். பிள்ளை எந்தப் படியில் தடுக்கி விழுகிறது என்று தெரியாமல் எத்தனை டியூஷன் வைத்தாலும் பயனில்லை.

ஏன் இந்தச் சரிவு?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு 8 பாடங்கள். பிளஸ் ஒன்னில் இரண்டு தொகுதிகளாக 12 பாடங்கள். எண்ணிக்கையைவிடச் சரக்குதான் பெரிய மாற்றம். வெக்டர், அணிக்கோவை, எல்லை, வகையிடல், தொகையிடல் என்று பெயரே கேட்டிராத பாடங்கள் ஒரே ஆண்டில் வந்து சேர்கின்றன. பத்தாம் வகுப்பில் பயிற்சிக் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டே நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். இங்கே ஒரு பாடம் அடுத்த பாடத்துக்கு அடித்தளம். ஜூலையில் முக்கோணவியல் புரியவில்லை என்றால் ஜனவரியில் வகையிடலும் புரியாது.

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ.-க்கும் பயிற்சி தரும் பள்ளி என்றால் வேகம் இன்னும் கூடும். ஜே.இ.இ. மெயின் தேர்வில் 3 மணி நேரத்தில் 75 வினாக்கள்; ஒரு வினாவுக்குச் சராசரியாக 2 நிமிடம் 24 விநாடி. இங்கே விடை மட்டுமே பேசும். பள்ளித் தேர்விலோ விடை தப்பினாலும் சரியாகப் போட்ட படிகளுக்கு ஸ்டெப் மார்க் உண்டு. வேகத்தில் பின்தங்குகிற பிள்ளை கணக்கு தெரியாத பிள்ளை என்று அர்த்தமில்லை.

தடுக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

திருத்திய விடைத்தாளை எடுத்துக்கொண்டு பிள்ளையுடன் உட்காருங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. மதிப்பெண் போன ஒவ்வொரு கணக்கையும் மூன்றில் ஒன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: "எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை"; "தொடங்கினேன், நடுவில் தப்பிவிட்டது"; "தெரியும், நேரம் போதவில்லை".

பெரும்பாலும் நடுவில் தப்பியவைதான் அதிகம் இருக்கும். அந்தத் தப்புகளை உற்றுப் பார்த்தால் பல பிளஸ் ஒன் பாடத்திலேயே இருக்காது. 9-ஐயும் 16-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5 வரும். தனித்தனியாக வர்க்கமூலம் எடுத்துக் கூட்டினால் 7 வரும். இரண்டும் ஒன்று என்று நினைத்து எழுதும் மாணவர்கள் நிறைய. 3 என்பது 5-ஐவிடச் சிறியது. இரண்டையும் மைனஸ் ஒன்றால் பெருக்கினால் மைனஸ் 3 பெரியதாகிவிடும். அசமன்பாட்டில் குறியைத் திருப்ப வேண்டியிருப்பது இதனால்தான்; அதை மறப்பவர்களும் நிறைய. எல்லை காணும் கணக்கில் பாதி வேலை காரணிப்படுத்துவது. அது எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பாடம். அங்கே தடுமாறுகிறவர் "எனக்கு லிமிட் வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

சரிசெய்வது எப்படி?

பழைய ஓட்டையை முதலில் அடைத்துவிடுங்கள். பின்னம், அடுக்குக்குறி, முற்றொருமைகள், காரணிப்படுத்தல், அசமன்பாடு, பத்தாம் வகுப்பு முக்கோணவியல் ஆகியவற்றுக்குத் தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். கீழ்வகுப்புப் பாடநூல்கள் தமிழ்நாட்டுப் பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளை என்றால், தமிழ்ப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். கணக்கு புரிந்தும் வினாவின் மொழி புரியாமல் தவிப்பவர்கள் உண்டு.

புதுப் பாடத்துக்குத் தீர்த்த கணக்குகளே நல்ல ஆசான். ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980-களில் செய்த ஆய்வுகளில், தொடக்க நிலை மாணவர்கள் தாமாகவே முட்டி மோதுவதைவிட, தீர்த்த கணக்கைப் படித்து உடனே அதே மாதிரி ஒன்றைப் போடும்போது நன்றாகக் கற்றார்கள். புத்தகத்தின் எடுத்துக்காட்டை ஒவ்வொரு படியும் ஏன் என்று கேட்டுப் படித்து, மூடிவைத்து, தானே போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் போட வேண்டும்.

இரவில் ஒரு கணக்கை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். பேச்சு எங்கே திக்குகிறதோ அங்கே புரியவில்லை. அதைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.

ஆசிரியரைப் பார்க்கும்போது "நல்லா படிக்க வைங்க சார்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். "எந்தப் பாடத்திலிருந்து பின்தங்கினான், இந்த மாதம் எதை மட்டும் படித்தால் போதும்?" என்று கேளுங்கள்.

தூக்கத்தில் கைவைக்காதீர்கள். 13 முதல் 18 வயதுவரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பயமும் கணக்கைக் கெடுக்கும். கணக்கை நினைவில் பிடித்திருக்க வேண்டிய மூளையைக் கவலை ஆக்கிரமித்துக்கொள்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், பள்ளி போக மறுத்து ஒடுங்கினால், கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு மனநல ஆலோசகரைப் பாருங்கள். 14416 என்ற அரசு உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

எதை விடலாம்?

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு 100. இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50. இவை மூன்றும் பிளஸ் டூ மதிப்பெண்கள். பிளஸ் ஒன் மதிப்பெண் இதில் சேராது. எனவே ஒரு தேர்வில் குறைந்ததால் எதிர்காலம் போய்விடவில்லை. அதே சமயம் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது. அது இல்லாமல் பிளஸ் டூ நுண்கணிதம் ஏறாது. பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலே பிளஸ் டூவுக்குப் போனதால்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்து, சில ஆண்டுகள் நடத்தினார்கள்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கனவு பிள்ளையுடையதா, நம்முடையதா என்று ஒருமுறை நேராகக் கேட்டுவிடுங்கள். நம்முடையது என்றால், ஜே.இ.இ. பயிற்சியை விட்டுவிட்டுப் பள்ளிக் கணிதத்தை மட்டும் உறுதியாகப் படிப்பது தோல்வி ஆகாது. கணிதமே பிடிக்கவில்லை, பொறியியலும் வேண்டாம் என்று பிள்ளை தெளிவாகச் சொன்னால், பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே வேறு குரூப்புக்கு மாற்றுவது பற்றிப் பள்ளியில் பேசுங்கள். மாதங்கள் போகப் போக அது கடினமாகும்.

இந்த வாரமே விடைத்தாளை எடுத்துப் பாருங்கள். புது டியூஷனுக்குப் பணம் கட்டுவதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.