பலூனுக்கு எத்தனை பவுண்டு? கொல்லிமலைப் பிக்கப்பின் பின்பக்கக் கணக்கு

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 70. மேலே சோளக்காடு, செம்மேடு எல்லாம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டரைத் தாண்டியவை. அங்கிருந்து வாழையும் அன்னாசியும் மிளகும் காபியும் இறங்குகின்றன. இந்தச் சாலையில் ஓடும் பழைய பிக்கப் ஒன்றின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிவிட்டு, ஏர் பலூன் மாட்டி, வண்டியைத் தாழ்த்தி நிறுத்த ஒருவர் ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1988-இல் வந்த டாடாமொபைல் 206 போன்ற வண்டி அது. கடையில் அவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘இந்தப் பலூன் எத்தனை கிலோ தாங்கும்?’ என்பதாகத்தான் இருக்கும். என் கணக்கில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் வண்டியின் எடையில் அந்தப் பலூனுக்குள் எத்தனை பவுண்டு காற்று (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தம்) நிற்கும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அதற்கு முன் எடை மேடைக்குப் போக வேண்டும். பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி, வெறும் வண்டியாக ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை. கணக்குக்காக வெறும் வண்டியில் 650 கிலோ, பாரத்தோடு 1,500 கிலோ என்று எடுத்துக்கொள்கிறேன். அச்சு, சக்கரம், பிரேக் டிரம் ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அவற்றுக்கு 150 கிலோ கழித்தால் ஒரு பக்கப் பலூன் சுமப்பது வெறும் வண்டியில் 250 கிலோ, பாரத்தோடு 675 கிலோ. பலூன் நேராக அச்சின் மேல் உட்கார்ந்தால்தான் இந்தக் கணக்கு. அச்சுக்கு முன்னால் தள்ளி, அச்சைச் சேசிஸோடு பிடிக்கும் இழுகையில் சேசிஸ் முனையிலிருந்து முக்கால் தூரத்தில் வைத்தால் 675 என்பது 900 ஆகிவிடும்.

இனி நான்கு பலூன்களை இதே எடைக்கு வைத்துப் பார்ப்போம். விட்டம் என்று நான் சொல்வது எடையைத் தாங்கும் பயன்விட்டம். வெளியே தெரியும் ரப்பர் அதைவிடப் பெரிது. முதல் எண் வெறும் வண்டிக்கு, அடுத்தது பாரத்துக்கு.

10 செ.மீ.: 45 பவுண்டு, 122 பவுண்டு
12.5 செ.மீ.: 29 பவுண்டு, 78 பவுண்டு
15 செ.மீ.: 20 பவுண்டு, 54 பவுண்டு
25 செ.மீ.: 7 பவுண்டு, 20 பவுண்டு

பிக்கப்புகளுக்கு விற்கும் பலூன்களுக்குப் பொதுவாகச் சொல்லும் உச்ச வரம்பு 100 பவுண்டு. ஆகவே 10 செ.மீ. பலூன் முதலிலேயே விழுந்துவிடுகிறது.

நாலாவது வரியைச் சும்மா சேர்க்கவில்லை. கொல்லிமலைக்குக் கீழே இருக்கும் நாமக்கல் லாரி ஊர். பாடி கட்டும் பட்டறைகளும் டேங்கர்களும் டிரெய்லர்களும் நிறைந்த ஊர். தேவையில்லாதபோது தூக்கி வைக்கும் அச்சுள்ள லாரிகளில் பலூன் உண்டு, ஆம்னி பஸ்களில் உண்டு. சென்னை பாடியில் உள்ள வீல்ஸ் இந்தியா நிறுவனம் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் ஏர் சஸ்பென்ஷன் செய்கிறது. கழற்றிப்போட்ட லாரிப் பலூன் ஒன்று மலிவாகக் கிடைத்தால் ‘பல டன் தாங்குவது, நம் வண்டிக்கு என்ன குறை’ என்று தோன்றுவது இயல்பு. குறை அந்த 7 பவுண்டில் இருக்கிறது. அவ்வளவு குறைந்த காற்றில் ரப்பர் தன் வடிவத்தில் நிற்காமல் மடிந்து கிள்ளிக்கொள்ளும்.

மெத்தென்று இருக்குமா என்றால் அதுவும் இல்லை. உள்ளே நிற்கும் காற்றின் மொத்த அழுத்தம், பலூனின் பரப்பு, உயரம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஸ்பிரிங்கின் விறைப்பு. மொத்த அழுத்தம் என்பதில் வளிமண்டலத்தின் ஒரு பங்கும் சேரும். 20 செ.மீ. உயரத்தில் நிற்கும் 25 செ.மீ. பலூனுக்கு வெறும் வண்டியில் விறைப்பு செ.மீ.க்கு ஏறக்குறைய 52 கிலோ. 15 செ.மீ. உயரத்தில் நிற்கும் 12.5 செ.மீ. பலூனுக்கு 34 கிலோதான். பெரிய பலூன்தான் இங்கே கட்டை வண்டி.

ஸ்பிரிங் பட்டையோடு ஒப்பிட்டால் காற்றின் குணம் தெரியும். பட்டைக்கு விறைப்பு ஒரு பக்கம் செ.மீ.க்கு 70 கிலோ என்போம். வெறும் வண்டி விநாடிக்கு 2.6 முறை குதிக்கும், பாரத்தோடு 1.6 முறை. 12.5 செ.மீ. பலூனில் இவை 1.85, 1.64. பாரம் ஏறினால் காற்றையும் ஏற்றுகிறோம், விறைப்பும் கூடவே ஏறுகிறது. வண்டி பாரத்தோடும் பாரமில்லாமலும் ஏறக்குறைய ஒரே மாதிரி போகும். காசு கொடுப்பது இதற்குத்தான்.

தாழ்த்தினால் இந்த லாபம் போய்விடும். அதே பலூனை 15 செ.மீ.யிலிருந்து 7.5 செ.மீ.க்கு இறக்கினால் அழுத்தம் மாறாது, காற்றின் கொள்ளளவு பாதியாகும், விறைப்பு இரட்டிக்கும். பாரத்தோடு 1.64 என்பது 2.3 ஆகிவிடும். பள்ளத்தில் விழுந்தால் அமுங்க இடமும் பாதிதான். டிஃபரன்ஷியல் தரையிலிருந்து இருந்த உயரத்திலேயே இருக்கும், ஏனென்றால் அச்சு இறங்குவதில்லை. சேசிஸும் வால்பகுதியும்தான் இறங்குகின்றன. பின் சக்கரத்துக்குப் பின்னால் 1 மீட்டர் நீண்டு, தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் நிற்கும் வாலுக்குத் தரையோடு 26.6 பாகைக் கோணம் கிடைக்கும். 12 செ.மீ. தாழ்த்தினால் 20.8. தாழ்வு நிறுத்தி வைத்துப் பார்க்கும் அழகு. வளைவு ஏறும்போது காற்றை ஏற்றி உயரத்துக்கு வந்தே ஆக வேண்டும்.

வளைவு என்றதும் இரண்டு பலூனுக்கும் ஒரே குழாய் போடும் சிக்கனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைச்சாலைக் கொண்டை ஊசிக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வைத்திருக்கும் குறைந்த அளவு, உள் ஆரம் 14 மீட்டர், வேகம் மணிக்கு 20 கி.மீ.; உள்பக்கச் சாய்வு பத்துக்கு ஒன்று வரை. அந்த அளவில் சாய்வு ஈடுகட்டியது போக எடையில் எட்டில் ஒரு பங்கு வெளிப்பக்கம் தள்ளும். பாரத்தின் மையம் 60 செ.மீ. உயரத்திலும், பலூன்கள் 90 செ.மீ. இடைவெளியிலும் இருந்தால் வெளிப்பக்கப் பலூனில் 112 கிலோ கூடும், உள்பக்கத்தில் அதே அளவு குறையும். 12.5 செ.மீ. பலூனில் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 26 பவுண்டு. ஒரே குழாய் என்றால் அந்த 26 பவுண்டு வெளிப்பக்கக் காற்றை உள்பக்கத்துக்குத் தள்ளும். சாய வேண்டாத பக்கம் வண்டி இன்னும் சாயும். ஒருமுறை அல்ல, 70 முறை. ஆளுக்கொரு குழாய், ஆளுக்கொரு வால்வு, ஆளுக்கொரு மீட்டர் என்று போட்டால் கூடுதல் செலவு ஒரு வால்வும் ஒரு அழுத்த மீட்டரும் சில மீட்டர் நைலான் குழாயும்தான். மொத்தப் பட்டியலில் இதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியவில்லை.

மலை உயரத்தைப் பற்றி வீணாகக் கவலைப்பட வேண்டாம். 200 மீட்டரிலிருந்து 1,200 மீட்டருக்குப் போனால் வெளிக்காற்றின் அழுத்தம் 989 மில்லிபாரிலிருந்து 877 ஆகும். பலூன் கொஞ்சம் உப்பப் பார்க்கும். குளிர் 10 டிகிரி கூடினால் சுருங்கப் பார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்று, பாரம் ஏற்றிய வண்டி 2 மில்லிமீட்டர் இறங்கும். வெறும் வண்டியில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது.

கம்ப்ரசருக்கும் பெரிய வேலை இல்லை. இரண்டு பலூனிலும் சேர்த்து 3.7 லிட்டர் இடம். 29 பவுண்டிலிருந்து 78-க்கு ஏற்ற வெளிக்காற்று 12 லிட்டர் சொச்சம் போதும். 11 லிட்டர் தொட்டி 150 பவுண்டிலிருந்து 110-க்கு இறங்குவதற்குள் 30 லிட்டர் தந்துவிடும். இரட்டைக் கம்ப்ரசர் பகட்டுக்குத்தான்.

பணம் தின்பது இரும்பு. அமெரிக்காவில் தாழ்த்திய பிக்கப் என்றதும் பலரும் சொல்லும் 1960 முதல் 1972 வரையிலான செவ்ரோலே சி-10-இல் பின்பக்கம் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங், அச்சைப் பிடிக்கத் தனி இழுகைகள். சுருளை எடுத்துவிட்டுப் பலூனை வைத்தால் பாதி வேலை முடிந்தது. நம் ஊர்ப் பிக்கப்பில் பட்டைதான் ஸ்பிரிங், பட்டைதான் அச்சைப் பிடிக்கும் கை. பட்டையைக் கழற்றினால் நான்கு இழுகைகள், பக்கவாட்டில் அச்சை நிறுத்த ஒரு கம்பி, சேசிஸில் தாங்கிகள், அச்சு மேலே வர சேசிஸில் ஒரு வெட்டு, அதற்கு வலுவூட்டல் என்று எல்லாம் புதிதாக வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பின் சக்கரங்கள் தரையில் 900 கிலோ பிடிக்கின்றன என்போம். சக்கர ஆரம் 33 செ.மீ., இழுகைகள் அச்சு மையத்துக்கு மேலும் கீழும் 10 செ.மீ. கீழ் இழுகை ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 970 கிலோ, மேல் இழுகையில் 520 கிலோ விசை. பற்றவைப்பு ஒன்று விட்டால் என்ன ஆகும் என்பதை 40-ஆவது வளைவில் தெரிந்துகொள்வது நல்லதல்ல.

ஆகவே சுமை ஏற்றும் வண்டி என்றால் பட்டையை வைத்துக்கொண்டு, துணைக்கு மட்டும் பலூன் போடுங்கள் என்பேன். பாரம் ஏறினால் பட்டை 6 செ.மீ. அமுங்கும், அந்த 6 செ.மீ.யை மீட்கப் பலூன் சுமக்க வேண்டியது ஒரு பக்கம் 425 கிலோ. முன்பு விழுந்துபோன 10 செ.மீ. பலூன் இங்கே 77 பவுண்டில் வேலை செய்துவிடும். இழுகை இல்லை, வெட்டு இல்லை. பாரத்தோடு விநாடிக்கு 2 முறைக்கு மேல் குதிக்கும், கொஞ்சம் கட்டையாகத்தான் போகும். வளைவில் குறைவாகச் சாயும்.

இனி விலை. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது. 10,000 ரூபாய்ச் சாமான் 12,800-லிருந்து 11,800. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் வேறு கணக்கு. பலூன் ஜோடி 200 டாலர், அனுப்பும் செலவு 60 டாலர், டாலர் 90 ரூபாய் என்போம்: 23,400. சுங்கவரி 15 சதவீதம் என்றால் 3,510, அதன் மேல் சமூக நலக் கூடுதல் வரி 351, எல்லாவற்றின் மேலும் ஜி.எஸ்.டி. 4,907. கைக்கு வரும்போது 32,168 ரூபாய்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது இலவசம். பலூன் போட்டதால் அனுமதித்த பாரம் ஒரு கிலோகூட ஏறாது. அதிக பாரத்துக்கு 194-ஆம் பிரிவு போடும் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒன்றுக்கு மேற்கொண்டு 2,000.