உங்களுக்குத் தெரியுமா? மூஞ்சூறு எலி அல்ல!

செய்யூர்ப் பக்கத்து வீடுகளில் விளக்கு வைத்த பிறகு, கொல்லைச் சுவரை ஒட்டி 'கிச் கிச்' என்று ஓடும் மூஞ்சூறுக்குக் கிடைப்பது பெரும்பாலும் துடைப்பத்தடிதான். பிள்ளையாரின் வாகனத்துக்கு இது பெரிய அநியாயம்.

எலிக்கும் இதற்கும் உறவே இல்லை. முள்ளெலிதான் இதன் சொந்தம். எலியைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்கள் இதற்குக் கிடையாது. அரிசி மூட்டையையும் மின்கம்பியையும் கடித்துக் குதறுவது இதன் வேலையல்ல. கரப்பான், பாச்சை, மண்புழு, பூரான் என்று பிடித்துத் தின்னும். கண்பார்வை குறைவு, மோப்பமும் மீசையும்தான் வழிகாட்டி.

மூஞ்சூறு ஓடிய இடத்தில் வீசும் அந்த நாற்றம்? விலாவின் இருபுறமும் உள்ள சுரப்பிகளிலிருந்து வருகிறது. ஆணுக்கு அதிகம். பூனை கொன்றாலும் பெரும்பாலும் தின்னாமல் போட்டுவிட்டுப் போகும்.

குட்டிகள் இடம் மாறும் காட்சியைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்: முதல் குட்டி தாயின் பின்புறத்தைக் கவ்வ, அடுத்தது அதைக் கவ்வ, வரிசை குலையாமல் ரயில்வண்டியாக ஓடும்.

நம் ஊர்ப் பிராணியான இது கப்பலேறி ஆப்பிரிக்கக் கரைவரை போயிருக்கிறது. 1953-இல் பசிபிக்கின் குவாம் தீவிலும் தென்பட்டது.

சமையலறைக்குள் வர வேண்டாமென்றால் சாக்கடைத் துளைக்குக் கம்பிவலை போதும். கொல்லையில் எலி மருந்தும் ஒட்டு அட்டையும் வேண்டாம். அவற்றுக்கு எலியும் மூஞ்சூறும் ஒன்றுதான்.