சட்டம், தீர்ப்பு, உரை

நூற்பாவை மட்டும் படித்தவர் இலக்கணம் கற்றவர் ஆகார். சொல்லதிகாரத்திற்கு இளம்பூரணர் கண்ட உரையையும், அதனைச் சேனாவரையர் மறுக்கும் இடங்களையும் ஒருங்கே வைத்துக் கற்பது நம் மரபு. சொத்துச் சட்டத்தையும் அவ்வாறே கற்றல் வேண்டும். சட்டப்பிரிவு நூற்பா போன்றது. தீர்ப்பு அதற்கு உரை. தீர்ப்பை ஆராய்ந்து சட்ட அறிஞர் எழுதுவது உரைமேல் உரை. மலேசிய நிலச்சட்டத்திலிருந்து ஒரு சான்று காண்போம்.

1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின் 340ஆம் பிரிவில், பதிவேட்டில் பெயர் உள்ளவரின் உரிமை அசைக்கவியலாதது என்கிறது முதல் உட்பிரிவு. மோசடி, போலி ஆவணம் முதலியவற்றால் பெற்ற உரிமை நிலைக்காது என்கிறது இரண்டாவது. அவ்வுரிமை பிறர் கைக்கு மாறினும் நிலைக்காது என்பது மூன்றாவது. ஆயினும், 'இந்த உட்பிரிவு' நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரைப் பாதிக்காது என்னும் வரம்புரை அதன் இறுதியில் உள்ளது.

பினாங்கில், தாய்லாந்துப் பெண்மணி ஒருவரின் நிலத்தை, அவர்போல் நடித்த வேறொருவர் அடோர்னா என்னும் நிறுவனத்திற்கு விற்றார். நிறுவனம் மோசடியை அறியாமல் விலை கொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் பெண்மணிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கூட்டரசு நீதிமன்றமோ, 2000ஆம் ஆண்டில், வரம்புரையை இரண்டாம் உட்பிரிவுக்கும் விரித்து, நிலம் நிறுவனத்திற்கே உரியது என்றது. கையொப்பமே இடாதவர் தம் நிலத்தை இழந்தார்.

'இந்த' என்பது அண்மைச் சுட்டு. வரம்புரை, தான் நிற்கும் மூன்றாம் உட்பிரிவை மட்டுமே சுட்டும். ஆகவே, போலி ஆவணத்தால் நேரே நிலம் பெற்றவருக்குப் பாதுகாப்பில்லை. அவரிடமிருந்து பின்னர் வாங்குபவருக்கே உண்டு. சட்ட அறிஞர் பலர் இதனை எடுத்துக்காட்டி அத்தீர்ப்பைக் கண்டித்து எழுதினர்.

குவாந்தான் நிலம் ஒன்று, போலி அதிகாரப் பத்திரத்தின்வழி வங்கியிடம் ஈடு வைக்கப்பட்ட வழக்கு பின்னர் வந்தது. 2010 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம், முந்தைய தீர்ப்பு தவறானது என்று அறிவித்து, அந்த ஈட்டை நீக்கியது. ஆயினும், முன்னரே முடிந்துபோன பினாங்கு வழக்கில் இழந்த நிலம் மீளவில்லை.

ஆதலின், தீர்ப்பைப் படிப்போர் நான்கினை வினவுதல் நன்று: நடந்தது யாது? சட்டத்தின் எச்சொல்லில் வழக்கு நிற்கிறது? நீதிபதி கூறும் காரணம் யாது? அத்தீர்ப்பு இன்றும் நிலைக்கிறதா? இறுதி வினாவை விடுத்து 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பை மட்டும் படித்தவர், மாறிப்போன சட்டத்தையே சட்டமென்று நம்பியிருப்பார்.