கஞ்சமலைக் கல்லும் கட்டிக்குள் போகும் மருந்தும்

ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் போய் நின்றால் கீழே சேலம் விரிந்து கிடக்கும். ஊரைத் தாண்டித் தென்மேற்கில் கஞ்சமலை. அங்கே கிடைக்கும் கறுப்புக் கல்லில் காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அதில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது இருக்கிறது. 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்குச் சேலத்துத் தாதுதான் போனது.

அதே மேக்னடைட்டைப் புற்றுநோயாளிகளின் ரத்தத்திலும் செலுத்திப் பார்க்கிறார்கள். இதற்கு மலையை வெட்ட வேண்டாம். இரண்டு வகை இரும்பு உப்புகளைக் கரைத்து அம்மோனியா விட்டால் கறுப்பாகப் படியும். ஒரு துகள் 10 நானோமீட்டர் அளவு. தலைமுடியின் குறுக்கே பல ஆயிரம் துகள்களை அடுக்கலாம். இவ்வளவு பொடியானதும் அதன் குணம் மாறுகிறது. காந்தம் அருகில் இருக்கும்வரை தானும் காந்தம். விலகியதும் வெறும் தூள். எனவே ரத்தத்தில் ஒன்றையொன்று இழுத்துத் திரளும் ஆபத்து குறைவு.

துகள் சேர்ந்த இடம் எம்.ஆர்.ஐ. படத்தில் கறுத்துத் தெரியும். துகளுக்கு மேல் பூசும் டெக்ஸ்ட்ரான் போன்ற உறையில் டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தையும் ஏற்றலாம். மருந்தைச் சுமக்கும் துகளே தான் போய்ச் சேர்ந்த இடத்தையும் காட்டிவிடும்.

புற்றுநோய்க் கட்டி அவசர அவசரமாக வளர்வதால் அதன் ரத்தக் குழாய்களில் ஓட்டை அதிகம். துகள்கள் அதன் வழியே கசிந்து உள்ளே தங்குகின்றன. 1986இல் ஜப்பானின் மட்சுமுராவும் மயேடாவும் கண்டு சொன்னது இது. ஆனால் எல்லாக் கட்டியும் ஒரேபோலக் கசிவதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை, செலுத்தியதில் கட்டியை எட்டுவது சுமார் 0.7 சதவீதம்தான் என்றது.

அதனால்தான் துகள் சேர்ந்த இடத்தைக் காட்டும் அந்த எம்.ஆர்.ஐ. படத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். முடி கொட்டி, வாந்தியெடுத்து, மாதக்கணக்கில் கீமோ ஏற்றிக்கொண்டவரிடம் கடைசியில் "மருந்து கேட்கவில்லை" என்று சொல்வது எவ்வளவு கொடுமை! மருந்து கட்டியை எட்டாது என்று முன்பே தெரிந்தால் வேறு வழி தேடலாமே. ஃபெருமாக்சிடால் என்ற இரும்புத் துகளை முதலில் செலுத்திப் படம் எடுத்து, பிறகு லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழியில் அடைத்த இரினோடெகான் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். துகளை அதிகம் ஏற்ற கட்டிகளே அதிகம் சுருங்கின என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் மருந்தையும் படத்தையும் ஒரே துகளில் சேர்ப்பது இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது.

ஃபெருமாக்சிடாலுக்கு 2009இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது சிறுநீரக நோயாளிகளின் சோகைக்காக. நம் சித்த வைத்தியர்கள் இரும்பில் செய்த அயச்செந்தூரம் கொடுப்பதும் சோகைக்குத்தான். வேலை முடிந்த துகளை உடம்பு மெல்லக் கரைத்து, அந்த இரும்பைப் புது ரத்தத்துக்கு எடுத்துக்கொள்கிறது.