சர்வகலாசாலையும் கிராமத்துக் கிணறும்

நம் நாட்டுச் சர்வகலாசாலைகளில் சுற்றுச்சூழல் இயலை உயர்தரப் பாடமாகக் கற்ற வாலிபர்கள் வருஷந்தோறும் பட்டம் பெற்று வெளிவருகிறார்கள். நீரையும் நிலத்தையும் காற்றையும் சோதித்தறியும் வித்தை அவர்களுக்குக் கைவந்திருக்கிறது. ஆராய்ச்சியின் பொருட்டு அவர்கள் கிராமங்களுக்குச் செல்கிறார்கள். கிணற்று நீரைப் புட்டிகளில் சேகரிக்கிறார்கள். கண்ட முடிவை ஆங்கிலத்தில் எழுதிச் சமர்ப்பிக்கிறார்கள். கட்டுரை நூல்நிலைய அலமாரியை அடைகிறது. பட்டம் மாணவரை அடைகிறது. நீர் மொண்டு கொடுத்த குடியானவரை அடைவது யாது? இக்கேள்வியைத் தேசத்தின் முன் வைக்க வேண்டியது நமது கடமை.

இது அற்ப விஷயமென்று நினைப்போர், தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றி வேலூர்ப் பிரஜைகள் தொடுத்த வழக்கை நினைவுகூர்வார்களாக. 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி குல்தீப் சிங் முதலானோர் அதில் தீர்ப்பளித்தனர். மாசு விளைவித்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும். பெருந்தீங்கு நேருமென்ற அச்சமுள்ள இடத்தில், விஞ்ஞான நிச்சயம் இன்னும் ஏற்படவில்லை என்று சொல்லித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடலாகாது. தன் செய்கை தீங்கற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோருடையது. இம்மூன்றும் இந்நாட்டுச் சட்டத்தின் அங்கங்கள் என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. சென்னை ஹைகோர்ட்டில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கெனத் தனி பெஞ்சு அமைய வழி செய்ததும் அதுவே.

இத்தகைய தீர்ப்பு எதன்மீது எழுந்தது? தோல் தொழிற்சாலைகள் மிகுந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்திருந்தது. திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு தொண்டு ஸ்தாபனத்தார் 13 கிராமங்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளை ஆராய்ந்தனர். அவற்றில் 350 கெட்டுப் போயிருந்தன. நான்கு கிணறுகளில் மூன்று பாழ்! இந்த எண்களைச் சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்பிலேயே எடுத்துக் காட்டியது. கண்ணீர் எவ்வளவு உண்மையானாலும் நியாயஸ்தலத்தில் சாட்சியமாகாது என்பதை வக்கீல் தொழில் புரிவோர் அறிவர். எண்ணி வைத்த கிணறே அங்கே பேசும். கிராமம் கிராமமாய்ச் சென்று எண்ண ஆளில்லாதிருந்தால், நியாயமும் வாய்திறக்க வழியின்றி நின்றிருக்கும்.

இந்த வேலைக்கு நம் உயர்தர மாணவரைக் காட்டிலும் தகுதியுடையவர் யார்? போதனை, ஆராய்ச்சி இரண்டோடு விரிவாக்கப் பணியும் சர்வகலாசாலையின் மூன்றாவது கடமை என்று பல்கலைக்கழக மானியக் குழு 1977-லேயே ஒப்புக்கொண்டது. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டுமென்று எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ம் வருஷம் நவம்பர் 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. ஆயினும் பல கலாசாலைகளில் மக்கள் தொடர்பு என்பது என்னவாக இருக்கிறது? ஜூன் 5-ந் தேதி ஒரு மரக்கன்று, ஓர் ஊர்வலம், ஒரு பிரசங்கம், ஒரு புகைப்படம்! கன்றுக்கு மறுநாள் நீர் வார்ப்பவர் யார் என்று கேட்பாரில்லை.

வேறு வழி இல்லாமலில்லை. 1947-ல் திண்டுக்கல் அருகே தோன்றிய காந்திகிராமம், கிராமத் தொண்டைப் படிப்பின் பகுதியாகவே கொண்டு வளர்ந்து, 1976-ல் சர்வகலாசாலை அந்தஸ்துப் பெற்றது. அண்டை நாடாகிய கேரளத்தில் 1962-ல் தோன்றிய சாஸ்திர சாகித்ய பரிஷத், விஞ்ஞானத்தை மலையாளத்தில் ஜனங்களிடம் கொண்டு சென்றது. சைலண்ட் வேலி அணைத் திட்டத்தின் லாப நஷ்டங்களை அதன் அறிஞர்கள் ஆராய்ந்து, 1979-ல் அறிக்கை வெளியிட்டு, ஊரூராய் விளக்கினர். 1984-ல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. தாய்மொழியில் சொன்ன விஞ்ஞானத்துக்கு எத்துணை வலிமை உண்டென்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ?

மாணவர் செய்யத்தக்கவை மூன்றைக் கூறுவோம். முதலாவது, சோதித்த நீரின் முடிவை அந்தந்தக் குடும்பத்துக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தல். ஒரு லிட்டர் குடிநீரில் கரைந்த பொருள்கள் 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீர் கிடையாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். தம் கிணறு இதில் எங்கே நிற்கிறது, குடிக்கலாமா, நெல்லுக்குப் பாய்ச்சலாமா என்பதே கிராமவாசிகள் அறிய விரும்புவது.

இரண்டாவது, 2006-ம் வருஷத்து அறிவிப்பின்படி பெருந்திட்டங்களுக்குப் பொது விசாரணை நடைபெறும் இடங்களில் உதவுதல். அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. ஆனால் ஜனங்களின் பாஷையில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். அம்முப்பது நாளும் மாணவர் கிராமத்திலிருந்து அதைப் படித்து விளக்கினால், விசாரணை வெறுஞ் சடங்காய் முடியாது.

மூன்றாவது, 2002-ம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளூர்க் குழுக்கள் வைக்க வேண்டிய பதிவேட்டை, ஊரிலுள்ள முதியோரையும் வைத்தியரையும் மீனவரையும் கலந்து, அவர்கள் அறிந்ததை அவர்கள் பெயராலேயே எழுத உதவுதல்.

இவையெல்லாம் மாணவரை அரசியலில் இழுக்குமே என்று சில பேராசிரியர்கள் அஞ்சக்கூடும். நீரில் குரோமியம் இருக்கிறதென்று சொல்வது எந்தக் கட்சியின் கொள்கை? தொழிற்சாலையை மூடினால் தொழிலாளி பட்டினி கிடப்பானே என்பது மெய்யான கவலைதான். ஆனால் அத்தொழிலாளியின் மனைவி மக்களும் அதே கிணற்று நீரைத்தான் குடிக்கிறார்கள். கழிவைச் சுத்திகரிக்கும் முறையை முதலாளியிடம் வற்புறுத்தவும், அது சரிவர நடக்கிறதா என்று கண்காணிக்கவும், அவனுக்கே இவ்வறிவு முதலில் தேவை.

தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது வருஷத்தில் ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், அவற்றுள் ஒன்று. ஒரு கிராமத்தின் நீரையும் நிலத்தையும் ஆராய்ந்து பட்டம் பெற விரும்பும் மாணவர், தம் முடிவுகளை அக்கிராமத்தின் சபையில் தமிழில் வாசித்து, ஜனங்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை கூறிய பிறகே பட்டத்துக்கு உரியவராவார் என்று ஒவ்வொரு சர்வகலாசாலையும் விதி செய்யட்டும். அதற்குப் புதிய சட்டமோ பெரும்பொருளோ வேண்டியதில்லை. ஏழை ஜனங்களின் வரிப்பணத்தில் நடைபெறும் கல்விக்கு அவர்களிடம் கணக்குக் காட்டும் மனம் ஒன்றே வேண்டும். நம் தேசத் தொண்டர்கள் இக்கோரிக்கையைக் கையில் எடுப்பார்களாக!